பாட்டும் வேடமும்

1964இல் ஸ்ரீதர் இயக்கத்தில் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’, இசையும் காதலும் நகையும் இயைந்த வண்ணப்படம். நகைக்கு நிலைக்களனாகத் தொல்காப்பியர் கூறும் நான்கனுள் எள்ளலும் இளமையும் இதில் மிக்கு நிற்கின்றன. நாகேஷ் பேய்க்கதை கூறும் காட்சியைப் புகழாதார் இலர். ஆயினும், கேட்டு நடுங்கும் பாலையாவின் முகம் இல்லையேல் அக்கதை வெறும் ஓசையே.

நாம் ஊன்றி நோக்கவேண்டிய இடம் வேறு. தோட்ட முதலாளியால் வேலை நீக்கப்பட்ட இளைஞன், அவர் வீட்டெதிரே கூடாரமடித்து வேலை கேட்டு ஆடிப்பாடுகிறான். (அவ்விளைஞனாக அறிமுகமான இரவிச்சந்திரன் கோலாலம்பூரிற் பிறந்தவர்.) விசுவநாதன்–இராமமூர்த்தியின் துள்ளிசையில் வேலையிழப்பும் விளையாட்டாகிறது. பேராக்கிலோ, தோட்டத் துண்டாடலால் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தோர் பலர். அக்கேட்டை எதிர்கொள்ளவே சுங்கை சிப்புட் தந்த துன் சம்பந்தனார் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அம்மக்களுக்குக் கூடாரமடிக்க இடமேது? பால்மரம் சீவியவர் இப்பாட்டை எப்படிக் கேட்டிருப்பர்?

இதுபற்றிப் படத்தைத் தள்ளிவிடுவாரும் உளர். யான் அங்ஙனம் கருதேன். தோழன் முத்துராமன் செல்வந்தத் தந்தையாக வேடமிட்டு நுழைந்ததும், முதலாளி குழைந்து போகிறார். பாட்டில் மழுங்கிய எள்ளல் இவ்வேடத்தில் கூர்மைபெற்று அவர்மீதே திரும்புகிறது. விரட்டப்பட்டவனே மருமகனாகத் தக்கவனாகிறான். அவனிடம் மாறியது ஒன்றுமில்லை, பணம் உண்டென்ற பொய்யைத் தவிர.