இதழியல் நடைவிதிகளும் காலக்குறிப்பின் தேவையும்

முன்னுரை

இதழியல் தமிழின் நடைவிதிகள் நிலையானவை அல்ல. கடந்த நூறாண்டுகளில் அபேட்சகர் வேட்பாளராகவும், காரியதரிசி செயலாளராகவும், அக்கிராசனர் தலைவராகவும் மாறியுள்ளனர். இம்மாற்றங்கள் பெரும்பாலும் வடமொழிக் கலப்பு நீங்கிய வரலாறாகவே பேசப்படுகின்றன. ஒரு விதி எப்போது, எவரால், எக்காரணம் பற்றி மாற்றப்பட்டது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. இக்குறை, இதழ்களைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வுகளைப் பிழையான முடிவுகளுக்கு இட்டுச் செல்லக்கூடும்.

எழுத்து மாற்றம்

பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியைத் தமிழக அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகள் புதுவடிவம் பெற்றன. ஐ, ஔ ஆகியவற்றை அய், அவ் என எழுதும் முறை ஏற்கப்படவில்லை. ஆணை பிறந்த நாளும் இதழ்கள் அதனை ஏற்ற நாளும் ஒன்றல்ல. தினமணி, 1987இல் ஆசிரியப் பொறுப்பேற்ற ஐராவதம் மகாதேவன் காலத்திலேயே புதிய வடிவங்களுக்கு மாறியது. எனவே, 1980களின் இதழொன்றில் பழைய ‘லை’ வடிவம் காணப்படின், அது கொள்கை எதிர்ப்பா, அச்சகத்தில் இருந்த எழுத்துகளின் தொடர்ச்சியா என்பதை வடிவத்தை மட்டும் கொண்டு துணிய இயலாது.

சொல் மாற்றம்

எழுத்தின் வடிவம் மாறினும் பொருள் மாறுவதில்லை. மனிதரைக் குறிக்கும் சொற்களின் நிலை வேறு. ‘அரவாணி’ என்னும் சொல், இழிசொற்களுக்கு மாற்றாக, மதிப்பு கருதி வழக்கிற்கு வந்தது. 2008இல் தமிழக அரசு அமைத்த வாரியமும் ‘அரவாணிகள் நல வாரியம்’ என்றே பெயர் பெற்றிருந்தது. பின்னர் ‘திருநங்கை’ என்பது நிலைபெற்றது. சென்னை உயர்நீதிமன்ற வழக்கொன்றின் தொடர்ச்சியாக, பாலினச் சிறுபான்மையினரைக் குறிக்கும் சொற்களின் தொகுதியைத் தமிழக அரசு 2022இல் வெளியிட்டது. இவ்வரிசையை அறியாதவர், 2008ஆம் ஆண்டுச் செய்தியில் ‘அரவாணி’ எனக் கண்டு அதனை அவமதிப்பாகக் கொள்வர். அன்று அது மதிப்புச் சொல்லாகவே ஆளப்பட்டது. மறுதலையாக, பழைய செய்திகளை மின்னாக்கம் செய்கையில் இன்றைய சொல்லைக் குறிப்பின்றிப் புகுத்தினால், மதிப்பும் இழிவும் இடம் மாறிய வரலாறே அழிந்துவிடும். ‘ஊனமுற்றோர்’, ‘மாற்றுத்திறனாளி’ ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

கையேடுகளின் எல்லை

சி.பா. ஆதித்தனாரின் ‘இதழாளர் கையேடு’ இதழாளர்க்கு எளிய நடையைப் பயிற்றுவித்தது. மொழி அறக்கட்டளையின் ‘தமிழ் நடைக் கையேடு’ நிறுத்தக்குறி, சந்தி, சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுதல் ஆகியவற்றுக்கு நெறி வகுத்தது. இவை எழுதும் முறைக்கு வழிகாட்டுவன. விதிமாற்றங்களின் வரலாற்றைத் தருவது இவற்றின் நோக்கமன்று. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனமோ, ‘இன்டர்நெட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைச் சிற்றெழுத்தாக்கும் முடிவை 2016 ஏப்ரலில் அறிவித்து, ஜூன் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அந்நாளுக்கு முன்னும் பின்னும் வந்த செய்திகளை ஒப்பிடும் ஆய்வாளர்க்கு ஐயம் எழ இடமில்லை.

நாள்தோறும் செய்தியோடு போராடும் ஆசிரியர் குழுவிற்கு இத்தகைய பதிவு வீண்சுமை எனக் கூறப்படலாம். ஆயினும் பதிவின்மையின் முதற்பாதிப்பு அக்குழுவையே சாரும். காரணம் அறியாத துணையாசிரியர் புதிய விதியை இயந்திரத்தனமாகப் பொருத்தி, பிறர் கூற்றாக மேற்கோளில் வரும் சொல்லையும் நிறுவனங்களின் பழைய பெயர்களையும் மாற்றிவிடுவார்.

முடிவுரை

விதிமாற்றம் ஒவ்வொன்றும் நடைமுறைக்கு வந்த நாள், காரணம், விலக்கு ஆகிய மூன்றுடன் பதிவாதல் வேண்டும். மின்காப்பகங்களில் மூலச் சொல் மாறாதிருக்க, இன்றைய சொல் தேடுசொல்லாக மட்டும் இணைக்கப்பட வேண்டும். அவ்வாறு செய்யின், இன்றைய வாசகர்க்குரிய மதிப்பும் பழைய செய்தியின் சான்றுத்தன்மையும் ஒருங்கே காக்கப்படும்.