சாவடியில் தொடரும் உவமை

நல்ல சமாரியர் உவமையை (லூக்கா 10:25-37) விளக்குவோர் பெரும்பாலும் சாலையோடு நின்றுவிடுகின்றனர். குருவும் லேவியரும் விலகிப் போனதையும், சமாரியர் இரங்கியதையும் எடுத்துரைத்ததும் மறையுரை முடிந்துவிடுகிறது. உவமையோ சாவடி வரை செல்கிறது. பண்டைய மறைநூல் அறிஞர் ஒரிஜனும் புனித அகுஸ்தினாரும் அச்சாவடியில் திருச்சபையையே கண்டனர். நோயாளியின் நிலையை எண்ணிப் பார்க்க நமக்கு இதைவிடத் தக்க இடமில்லை.

இவ்வுவமையோடு இணைத்துப் படிக்கத்தக்கது, 1996-இல் நம் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று. 1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் விவசாயத் தொழிலாளர் ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் படுகாயமுற்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கான வசதி இல்லை. கல்கத்தா அரசு மருத்துவமனைகளோ, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக அவரைத் திருப்பி அனுப்பின. இறுதியில் தனியார் மருத்துவமனை ஒன்று அவரை ஏற்றது. செலவு ஏறத்தாழ 17,000 ரூபாய். அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று கூறிய நீதிமன்றம், 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது.

அரசு மருத்துவமனையை லேவியராகவும், தனியார் மருத்துவமனையைச் சமாரியராகவும் காண்பது எளிது. ஆனால் அது மேலோட்டமான வாசிப்பு. யாரையும் பணம் கேட்டு நிறுத்தாத வாயிலில்தான் கூட்டம் நெரிகிறது. பிறர் கைவிட்ட நோயாளியும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கிறார். அங்கு அவர் படும் துன்பம் வேறு: நீண்ட வரிசை, தரையில் பாய், கேட்ட கேள்விக்குப் பதிலின்மை. தனியார் மருத்துவமனையில் நாற்காலியும் கனிந்த சொல்லும் கிடைக்கின்றன; முன்பணமும் கேட்கப்படுகிறது. தெனாரியம் ஒரு நாள் கூலி என்பதை மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமையால் அறிகிறோம். சமாரியர் தந்தது இரண்டு நாள் கூலி. 1992-இல் 17,000 ரூபாய் என்பதோ, விவசாயக் கூலி ஒருவர் ஆண்டெல்லாம் உழைத்தாலும் சேர்க்க அரிய தொகை.

1995-இல் அதே நீதிமன்றம் மற்றொரு வழக்கில், கட்டணம் பெறும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டது என்றும், எல்லோருக்கும் இலவசமாகவே தரப்படும் சேவை உட்படாது என்றும் தீர்ப்பளித்தது. ஆக, ஒரே நோய் உற்ற இருவரில் ஒருவர் நுகர்வோர். மற்றவர் நடைமுறையில் மனுதாரர். அவரால் இழப்பீடு கேட்டு வேறு நீதிமன்றம் செல்ல இயலுமெனினும், ஏழைக்கு அவ்வழி நெடியது. இவ்விரு பெயர்களிலும் நற்செய்தி தரும் "அயலார்" என்னும் பெயர் இல்லை.

உவமையில் நாம் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்றுண்டு. காயமுற்றவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர் பேசுவதே இல்லை. கூடுதலாகச் செலவானால் தாமே திரும்பி வந்து தருவதாகச் சமாரியர் பொறுப்பேற்கிறார்; அவர் சொல்லை நம்பிச் சாவடிப் பொறுப்பாளரும் பராமரிக்கிறார் என்றே கொள்கிறோம். செலவு வேண்டாம் என்று இயேசு சொல்லவில்லை. அச்செலவின் சுமை அடிபட்டவர் தோளில் விழவில்லை என்றே காட்டுகிறார். அரசு மருத்துவமனை வரிப்பணத்தால் இயங்குவதும் இந்நெறியின்படியே. ஆதலால் அதன் குறைகளைக் கண்டு முகம் சுளித்து, வசதியுள்ள நாம் தனியார் மருத்துவமனையை நாடி ஒதுங்குவது, சாலையின் மறுபுறமாக விலகிச் செல்வதற்கு ஒப்பாகும். அங்கு படுக்கை போதாது என்றால், கேட்டுப் பெறவேண்டியது நம் கடமையுமாகும்.

இவ்வாசிப்பு நம் மறைமாவட்ட மருத்துவமனைகளையும் விட்டுவைக்காது. அவையும் ஊழியருக்கு ஊதியம் தரவேண்டும், கருவிகள் வாங்கவேண்டும் என்பது உண்மையே. எனினும், சிலுவையின் கீழே அமைந்த பணம் கட்டுமிடத்தில், நள்ளிரவில் வெறுங்கையோடு வருபவரிடம் முதலில் கேட்கப்படுவது எது: காயமா, முன்பணமா? அப்பணத்திற்கு யார் பொறுப்பேற்பது என்பதைப் பங்குப் பேரவைகளும் அன்பியங்களும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்தால், வாயிலில் இருப்பவர் தயங்க வேண்டியிராது.