இரட்டையாய் வரும் செய்தி

உடம்பு நலமாக இருக்கும்போது நியூட்ரோஃபில் வெள்ளணுக்களின் மேற்பரப்பில் சிடி64 என்ற ஏற்பி மிகச் சொற்பம். பாக்டீரியா புகுந்த சில மணி நேரத்தில் அது பெருகிவிடுகிறது. கிருமிமேல் ஒட்டிய ஐஜிஜி எதிர்ப்பொருளின் வாலை இறுகப் பற்றுவது அதன் வேலை.

அதைப் பெருக்கும் முக்கியமான சைட்டோகைன் இன்டர்ஃபெரான்-காமா. செல்லின் வெளிப்புறத்தில் தனக்குரிய ஏற்பியை அது தொட்டால் போதும். உள்ளே ஜாக்1, ஜாக்2 நொதிகள் விழித்துக்கொள்ளும்; சைட்டோபிளாசத்தில் சும்மா கிடந்த ஸ்டாட்1 புரதத்தின் 701ஆம் டைரோசினில் ஒரு பாஸ்பேட் ஏறும். நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டார்னெல் குழு 1990களின் தொடக்கத்தில் துலக்கிய பாதை இது.

அடுத்த கட்டத்தில்தான் நான் சொக்கிப்போகிறேன். பாஸ்பேட் ஏறிய இரண்டு ஸ்டாட்1கள் ஒன்றையொன்று தழுவியபடி உட்கருவுக்குள் போகின்றன. சிடி64 ஜீனின் முகப்பில் அவை தேடும் டிஎன்ஏ வரிசை, இரண்டு இழைகளையும் அவற்றின் திசையில் வாசித்தால், டிடிசி என்று தொடங்கி ஜிஏஏ என்று முடிகிறது. ஜோடிப் புரதத்துக்கு ஜோடி வாசல். என்ன பொருத்தம்!

இதே இன்டர்ஃபெரான் சாக்ஸ்1 ஜீனையும் இயக்குகிறது. அந்தப் புரதம் ஜாக் நொதிகளை அடக்கி, செய்தியை நிறுத்துகிறது.