இறால் துடிக்கும் நேரம்

எங்கள் கெடாவின் பழம்பெயரான கடாரம் என்பதைக் கேட்டதும் தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு இராசேந்திர சோழன் நினைவுக்கு வந்துவிடுகிறான். 1025இல் அவன் கப்பல்கள் வந்த இடத்தைக் காட்டு என்பார்கள். பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போய், புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளத்தைக் காட்டி, 1,217 மீட்டர் குனோங் ஜெராயை அண்ணாந்து பார்க்கவைத்துவிட்டு, திரும்பும் வழியில் செமெலிங் படகுத்துறையில் வண்டியை நிறுத்துவேன். பழுப்புத் தண்ணீர், இரு கரையிலும் கண்டல் காடு, கட்டிக்கிடக்கும் நாலைந்து படகுகள். "இதுக்கா இறங்கச் சொன்னே?" என்பதுபோல் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மெர்போக் ஆற்றைப் பகலில் பார்ப்பது கூத்துக் கொட்டகையை மத்தியானத்தில் பார்ப்பது மாதிரி.

ராத்திரி பத்து மணிக்கு மேல் வரவேண்டும். அதுவும் கடிகாரத்தை நம்பி அல்ல, நிலவை நம்பி. மலாக்கா நீரிணையில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மலாய்க்காரர்கள் 'ஆயெர் பெசார்' என்னும் பெருநீர். அரைநிலவு நாள்களில் 'ஆயெர் மாத்தி', செத்த நீர். பெருநீர் உச்சத்தில் ஆறு இலையும் கட்டையும் சேறுமாக அடித்துக்கொண்டு வரும், தூண்டில் நிலைகொள்ளாது. செத்த நீரில் மீனுக்கே சோம்பல். பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள், நான்காம் நாள், ஏறிய நீர் திரும்பி வற்றத் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரம்தான் என் கணக்கு. மற்றவர்கள் வேறு கணக்கு சொல்வார்கள்; படகுத்துறைக் கடையில் ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் நாலு கணக்கு கேட்கலாம்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நடப்பது இது. சுமார் 4,000 எக்டர் கண்டல் காடு. நீர் ஏறும்போது இறாலும் மடவைக் குஞ்சும் வேர்களுக்குள் புகுந்து மேய்கின்றன. நீர் வற்றும்போது அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். வெளியே வர வழி, காட்டுக்குள்ளிருந்து ஆற்றில் விழும் சின்னச் சின்னக் கால்வாய்கள் மட்டுமே. அவற்றின் வாயில், விழுந்த மரத்துக்குப் பின்னால், நீரோட்டம் தளரும் ஓர் ஒடுக்கத்தில் சியாக்காப் தலையை எதிர்நீருக்குக் கொடுத்து நிற்கும். தமிழ்நாட்டுக் கடற்கரையில் கொடுவா என்று கூறுபோட்டு விற்கிறார்களே, அதே மீன். அது துரத்திப் பிடிக்கும் மீன் அல்ல, காத்திருந்து பிடிக்கும் மீன்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வரிப்பாஸ் என்னும் மீனுக்காக ராத்தூக்கம் கெடுகிறவர்கள் ஏராளம். அவர்களும் நீர் திரும்பும் நேரத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள், பாலத்து விளக்கின் நிழலோரத்தில்தான் தூண்டிலை விடுகிறார்கள். ஆனால் வரிப்பாஸ் கடலில் வாழ்ந்து முட்டையிட ஆற்றுக்கு ஏறுகிறது. சியாக்காப் ஆற்றில் வளர்ந்து முட்டையிட உவர்நீர் முகத்துவாரத்துக்கு இறங்குகிறது. செமெலிங்கில் நாம் பிடிக்கும் மீன் என்றோ ஒரு நாள் முகத்துவாரத்துத் தஞ்சோங் டாவாய்க்குப் போகவேண்டிய மீன். மேல்நீரில் நாள்பட்டுக் கிடந்தது வெண்கல நிறமாகக் கறுத்திருக்கும். உப்பு நீரில் இருந்தது வெள்ளித் தகடு. விளக்கொளியில் உடம்பைப் பார்த்தே அது எங்கே இருந்து வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இரைக்கு உயிருள்ள இறால். அதைக் கோப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. இறாலின் தலைக்கொம்புக்குக் கீழே, ஓட்டினூடே கறுப்பாகத் தெரியும் பகுதிக்கு முன்னால், மயிரிழை இடம் இருக்கிறது. முள் அந்த இடத்தில் மேலோடு ஏறினால் இறால் அரைமணி நேரம் உயிரோடு நீந்தும். கறுப்பில் பட்டால் அப்போதே வெளுத்துச் சாகும். செத்த இறாலுக்கு ராத்திரியில் கெளுத்தியும் நண்டும்தான் வரும். கைவிளக்கை வாளிக்குமேல் பிடித்தால் இறால் கண்கள் அத்தனையும் நெருப்புப் பொறிகளாகச் சிவக்கின்றன. முள் ஏறும்போது அந்தச் சிவப்பு மங்கவில்லை என்றால் கோத்தது சரி.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த மாமா பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். முதல் தடவை நான் தூண்டில் கம்பின் நுனியையே முறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, நுனியைப் பாத்துக்கிட்டு உக்காந்தா விடிஞ்சிரும். வெளக்க அணைச்சிட்டு நரம்ப வெரல்ல போடு" என்றார். ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்குமேல், தோல் மெலிந்த இடத்தில், நரம்பு தொட்டும் தொடாமலும் கிடக்கவேண்டும். இறுக்கினால் விரல் தன் நாடித்துடிப்பையே கேட்கும். தளர்த்தினால் ஒன்றும் கேட்காது.

விரல் பழகியதும் ஆறு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து தெரியத் தொடங்குகிறது. ஈயக்குண்டு மணலில் உரசினால் கரகரப்பு. சேற்றில் விழுந்தால் ஊமை. சிப்பி ஒட்டிய கல்லானால் ஓர் அரைத் தட்டல், பின் வழுக்கல். நீரோட்டம் நரம்பில் ஏற்றும் சீரான அதிர்வு எப்போதும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குமேல், மிக மெல்ல, இறாலின் வால் வீச்சு: ஒன்று, சற்று நிதானம், இன்னொன்று. இருபது மீட்டர் தள்ளி, கருநீருக்குள், விரல் நீளத்து உயிர் ஒன்று தன்பாட்டுக்கு நீந்திக்கொண்டிருப்பது நம் தோலில் தெரிகிறது. இதற்காக மட்டுமே நான் ராத்திரி ஆற்றுக்குப் போவேன் என்று சொன்னால் வீட்டில் நம்புவதில்லை.

பிறகு அந்தக் கணம். இறாலின் நிதானம் கலைகிறது. வீச்சுகள் நெருங்குகின்றன, கோணலாகின்றன. நரம்பு ஒரு பக்கமாக இழுபட்டு, உடனே மறுபக்கம் போகிறது. மீன் இன்னும் தொடவில்லை. பக்கத்தில் வந்துவிட்டது, அவ்வளவுதான். இறால் அதை அறிந்துவிட்டது. இறாலின் பயம் வழியாக நாமும் அறிந்துவிட்டோம். எதிர்ப்பக்கத்தில் சியாக்காப்பும் இதே துடிப்பைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. மீன்களின் விலாவில் நீரின் அதிர்வை உணரும் ஒரு கோடு ஓடுகிறதல்லவா? பெரும்பாலான மீன்களில் அது வால் அடியோடு நின்றுவிடும். இந்த மீன் குடும்பத்துக்கு அது வால்துடுப்புக்குள்ளும் இறங்கி அதன் ஓரம்வரை போகிறது. ஒரே இறாலின் பதற்றத்தை இந்தப் பக்கம் ஒரு விரலும் அந்தப் பக்கம் ஒரு முழு உடம்பும் வாசித்துக்கொண்டிருக்கும் அந்த மூன்று நான்கு நொடிகளுக்கு ஈடாக, அதற்குப் பிறகு வரும் இழுபறி எதையும் நான் வைக்கமாட்டேன்.

'டொப்'. சியாக்காப் கடிப்பதில்லை, வாயைச் சட்டென்று அகலத் திறந்து நீரோடு இரையை உறிஞ்சுகிறது. மேல்நீரில் நடந்தால் அந்த ஓசை அக்கரைக்கே கேட்கும். ஆழத்தில் நடந்தால் காதுக்கு ஒன்றும் இல்லை, விரலில் ஒரே ஒரு குத்து. அடுத்து அது மரத்தூரை நோக்கிப் பாயும். பிறகு தண்ணீரைவிட்டு எழும்பித் தலையை உதறும். இருட்டில் உருவம் தெரியாது, செவுள் மூடிகள் படபடக்கும் சத்தம் மட்டும் வரும். அந்தச் செவுளோரம் ரம்பம், அதில் ஒரு முள்ளும் உண்டு. உரசிய நரம்பு அறுந்துபோகும். கரைக்கு அருகில் வந்தபின் விளக்கைப் போட்டால், கண் இரண்டும் செம்பொன்னாய்த் திருப்பி ஒளிர்கின்றன. படம் எடுப்பவர்கள் இங்கேதான் எடுக்கிறார்கள்.

மற்ற மீன்கள் எல்லாம் இவ்வளவு நாகரிகம் பார்ப்பதில்லை. கெலாமா படபடவென்று தட்டும், ஏறியபின் வாளிக்குள் கிடந்து முனகும். பாவுங் ஒரு நடுக்கத்தோடு வாங்கிக் கீழே இழுக்கும். புந்தால் என்னும் பேத்தை மீன் வந்தது தெரியவே தெரியாது. எடுத்துப் பார்த்தால் இறாலில் பாதி கத்தரித்து எடுத்தது போல் இல்லாமலிருக்கும், சில நேரம் முள்ளே இருக்காது.

ஆனால் ஊடாங் காலா என்னும் இறால் வேறு சாதி. அதற்கு மெர்போக்கைவிட மூடா ஆறு. கெடாவையும் செபராங் பிறையையும் பிரித்துக்கொண்டு ஓடும் மூடாவில், நன்னீர்ப் பகுதியில், நீலக் கொடுக்கு இரண்டையும் தன் உடம்பைவிட நீளமாக வளர்த்துக்கொண்டு திரியும் ஆண் இறால். மண்புழுத் துண்டைக் கொடுக்கால் எடுத்துக்கொண்டு அது நடக்கும். ஆம், நடக்கும், நரம்பில் அந்தக் காலடிகள் தெரியும். இப்போது இழுத்தால் கொடுக்கை விட்டுவிட்டுப் போய்விடும். தன் இடத்துக்குப் போய், நின்று, இரையை வாய்க்கு மாற்றும்வரை பொறுக்கவேண்டும். அப்போது நரம்பு சற்றே கனக்கும், யாரோ அடியில் ஈரத் துணியைத் தொங்கவிட்டது மாதிரி. அப்புறமும் வெட்டி இழுக்கக்கூடாது, ஏற்றவேண்டும். இதன் குஞ்சுகள் பிழைக்க உவர்நீர் வேண்டும், பெண் இறால் கீழே இறங்கவேண்டும். பினாங்கு மாநிலத்துக் குடிநீரில் ஐந்தில் நான்கு பங்கு இந்த ஆற்றிலிருந்து போகிறது. உப்பு நீர் ஏறாமலிருக்கத் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். பினாங்கு குடிக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. இறாலுக்கு அது நடுவழியில் ஒரு சுவர்.

தோட்டத்து ஆள்களுக்கு இந்த விரல் எப்படி வாய்த்தது என்று யோசித்திருக்கிறேன். ஹார்வர்ட் தோட்டம், பட்டாணி பாரா தோட்டம் என்று சுங்கைப் பட்டாணியைச் சுற்றிலும் பால்மரம் நின்ற காலத்தில், பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு இருட்டிலேயே நிரைக்குள் இறங்குவார்கள். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடுவதற்குமுன் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும், பால் நின்று ஒழுகும். அதற்காகத்தான் அந்த அவசரம். நெற்றியில் ஒரு விளக்கு, கையில் பால்கத்தி. ஒரு சீவலுக்குப் போகவேண்டிய பட்டை ஒன்றரை மில்லிமீட்டர். பால் குழாய்கள் நெருக்கமாக இருப்பது உள்பட்டையில். இன்னும் ஒரு மில்லிமீட்டர் ஆழம் போனால் மரம் காயப்படும், புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், கங்காணி சத்தம் போடுவார். அந்த எல்லையைக் கண் பார்த்துச் சொல்லாது. கத்தி பட்டையில் போகும்போது வரும் எதிர்ப்பு மாறுவதை மணிக்கட்டு கேட்கவேண்டும். மரத்துக்கு மரம், நூற்றுக்கணக்கில், விடியும்வரை இதைக் கேட்ட கைக்குத் தூண்டில் நரம்பில் இறாலின் வால் கேட்பதில் என்ன அதிசயம்? மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அதெல்லாம் இல்லப்பா. மரத்துல கொசு, இங்க ஆகாஸ், அதான் வித்தியாசம்" என்று கோடாலித் தைலத்தைக் கழுத்தில் தடவிக்கொண்டார். கண்டல் காட்டு ஆகாஸ் பூச்சி கடித்தவர்களுக்கு அது சரியான பதில் என்று தெரியும்.

இன்று பெரும்பாலும் செம்பனை. மாமாவின் பேரன்கள் டவுனில் கட்டணக் குளத்துக்குப் போகிறார்கள். வெள்ளை விளக்கு, பிளாஸ்டிக் நாற்காலி, மணிக்கு இவ்வளவு என்று காசு, குளத்தில் வளர்ப்புச் சியாக்காப். மீன் நிச்சயம். எனக்கு அங்கே பொழுது போவதில்லை. விளக்கு கண்ணைப் பிடித்துக்கொள்கிறது; கண் விழித்திருக்கும்போது விரல் வேலை செய்வதில்லை. வளர்ப்பு மீன் உணவு உருண்டைக்குப் பழகியது, உயிருள்ள இறாலைக்கூட அசட்டையாக வாங்குகிறது. இறாலும் ஏனோ அதைக் கண்டு பதறுவதாகத் தெரியவில்லை. பேரன்களோ ஆற்றில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒன்றும் இல்லாமல் வரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது, ஒரு கிலோ மீனுக்கு நாங்கள் கொட்டும் பெட்ரோலைக் கணக்குப் பார்த்தால்.

பெரிய மீன் ஏறினால் மாமா விட்டுவிடச் சொல்வார். சியாக்காப் பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டு கழித்துப் பெண்ணாக மாறுகிறது. ஆகவே பெருத்த மீன் என்றால் அநேகமாக முட்டைக்காரி. இரண்டு கிலோவுக்கு உட்பட்டது சமையலுக்கு. டவுன் சீனர் கடைகளில் எலுமிச்சையும் பச்சைமிளகாயும் போட்டு ஆவியில் வேகவைக்கிறார்கள், குளத்து மீனின் கொழுப்புக்கு அது பொருத்தம். ஆற்று மீன் சதை இறுக்கம், அதற்குக் குழம்புதான். தலையை மட்டும் தனியே வைக்கவேண்டும் என்பதில் மாமாவுக்கும் அத்தைக்கும் சண்டை இல்லை. புளியா, மாங்காயா என்பதில்தான். மாமா புளி. கொல்லையில் மாமரத்தை வைத்துக்கொண்டு புளி கரைப்பது என்ன நியாயம் என்கிறாள் அத்தை. நான் அத்தை கட்சி. ஆனால் தூண்டில் மாமாவுடையது என்பதால் வாயைத் திறப்பதில்லை.