எஃகுக் கூட்டுக்குள்ளிருந்து ஒரு சாட்சியம்

லோத்தர் குந்தர் புக்ஹைமின் ‘தாஸ் போட்’ நாவல் 1973-ல் ஜெர்மனியில் வெளிவந்தது. கதை தொடங்கும் முன்பே ஆசிரியர் வாசகரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறார். இது நாவல்தான், ஆனால் கற்பனை இல்லை, எல்லாம் தான் நேரில் அனுபவித்தது என்பது ஒன்று. இதில் வரும் மனிதர்கள் யாரும் உண்மையான ஆட்களின் சித்திரம் இல்லை என்பது மற்றொன்று. முதலாவதை ஏற்று நாம் நம்பிக்கையோடு உள்ளே போகிறோம். போனபின் யார் என்ன செய்தார்கள் என்று கேட்டால் இரண்டாவது குறுக்கே வந்து நிற்கிறது. தன்வரலாற்றுப் போர் நாவல் என்ற வகையை எடைபோட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை. கண்ணால் கண்டவன் எழுதும்போது ஒரு நாவலுக்கு எவ்வளவு வலு சேரும் என்பதை இதில் பார்க்கலாம். அந்த வலுவை நம்பி எதையெல்லாம் சொல்லாமல் கடந்துவிட முடியும் என்பதையும் பார்க்கலாம்.

நடந்தது இதுதான். 1941 அக்டோபர் கடைசியில் பிரான்சின் சான் நசேர் துறைமுகத்திலிருந்து யு-96 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அட்லாண்டிக் ரோந்துக்குக் கிளம்பியது. கேப்டன் ஹைன்ரிஷ் லேமன்-வில்லன்பிராக். கூடுதல் ஆளாக ஏறிக்கொண்டவர் புக்ஹைம். வயது 23, ஓவியர், கடற்படையின் பிரச்சாரப் பிரிவில் போர்ச் செய்தியாளர். நீர்மூழ்கி அட்லாண்டிக்கில் அலைந்தது, ஒரு கப்பல் தொடரைத் தாக்கியது, ஸ்பெயினின் விகோ துறைமுகத்தில் இரவோடு இரவாக எரிபொருளும் உணவும் நிரப்பிக்கொண்டது. ஜிப்ரால்டர் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் நுழையப் பார்த்தபோது பிரிட்டிஷ் விமானத்திடம் அடிபட்டு, டிசம்பர் முதல் வாரத்தில் பிரான்சுக்கே திரும்பியது. நாவலின் எலும்புக்கூடும் இதேதான்.

புக்ஹைமின் பெரிய சாதனை, போரை உடம்பின் வழியாக எழுதியது. யு-96-ன் மொத்த நீளம் 67 மீட்டர். ஆட்கள் வாழ்ந்த அழுத்தக் கூட்டின் நீளம் 50 மீட்டர் சொச்சம்தான். அதற்குள் சுமார் ஐம்பது பேர், டார்பிடோக்கள், மின்கலங்கள், இரண்டு டீசல் எஞ்சின்கள், இரண்டு மின்மோட்டார்கள். கழிவறைகள் இரண்டு. பயணத் தொடக்கத்தில் ஒன்றில் உணவுப்பொருட்களை அடைத்துவைப்பதால் அத்தனை பேருக்கும் ஒன்றே மிச்சம். காவல்முறை முடிந்து வருபவன் படுக்கும் இடத்தில் முந்தையவனின் உடற்சூடு இன்னும் ஆறியிருக்காது. கூரையிலிருந்து தொங்கும் பன்றித்தொடை, நாளாக ஆக வெண்பூஞ்சை படரும் ரொட்டி, டீசல், வியர்வை, அடித்தட்டில் தேங்கிய அழுக்குநீர், இவற்றின் நாற்றத்தை மறைக்கத் தெளித்த வாசனைத் தைலம். பக்கம் பக்கமாக இதையே எழுதுகிறார். வேறு எழுத்தாளர் இரண்டு பத்தியில் முடித்துவிட்டுச் சண்டைக்குப் போயிருப்பார். புக்ஹைம் நகர மறுக்கிறார், அந்தப் பிடிவாதத்துக்குப் பலன் கிடைக்கிறது. நூறு பக்கம் தாண்டுவதற்குள் நமக்கே முதுகு குனிந்துவிடுகிறது.

அதே துணிச்சலோடுதான் எதுவுமே நடக்காத நாட்களையும் எழுதியிருக்கிறார். வாரக்கணக்கில் எதிரிக் கப்பலே கண்ணில் படுவதில்லை. புயல் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. அலுப்பு, ஆபாசப் பேச்சு, எரிச்சல், மறுபடி அலுப்பு. இந்தப் பகுதிகள் வாசகரைச் சோதிக்கின்றன என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு இவைதான் நாவலின் உயிர்ப்பகுதி. இதற்குள் புக்ஹைமே எழுதும்போது அறிந்திருக்க முடியாத ஒரு உண்மையும் புதைந்திருக்கிறது. 1941 மே மாதம் யு-110 நீர்மூழ்கியிலிருந்து எனிக்மா என்ற ரகசியக் குறியீட்டு இயந்திரத்தையும் குறியீட்டு ஏடுகளையும் பிரிட்டன் கைப்பற்றியது. அந்தக் கோடையிலிருந்து ஜெர்மன் நீர்மூழ்கிகளின் வானொலிச் செய்திகளை பிரிட்டனின் குறியீட்டு உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் படித்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் தொடர்களை நீர்மூழ்கிகள் காத்திருக்கும் இடங்களிலிருந்து விலக்கி வேறு பாதையில் அனுப்பினார்கள். கடல் காலியாகக் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இந்த ரகசியம் பரவலாக வெளியே தெரிந்தது 1974-ல், நாவல் வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டு. ஆக, நாவலின் கேப்டனுக்குப் புரியாத வெறுமை ஆசிரியருக்கும் புரியாததாகவே இருந்திருக்கிறது. காரணம் தெரியாமல், கண்டதைக் கண்டபடி எழுதியதால்தான் அந்தப் பக்கங்கள் இன்றும் பழுதில்லாமல் நிற்கின்றன. நேரடிச் சாட்சியத்தின் மதிப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் நாவலில் வேறில்லை.

அடுத்தது காது. நீருக்கடியில் போனபின் நீர்மூழ்கிக்குக் கண் கிடையாது. மேலே எதிரிக் கப்பல் சுற்றிவரும்போது ஒலிக்கருவியைக் காதில் மாட்டியவன் சொல்வதை வைத்துத்தான் எல்லாமே. பிறகு எதிரியின் சுழலி ஓசை வெறும் காதுக்கே கேட்கத் தொடங்குகிறது. ஆட்கள் பேச்சை நிறுத்திக் கூரையைப் பார்க்கிறார்கள், அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும். ஆழ்வெடிகள் விழ விழ, அவற்றை ஐந்தைந்தாகக் கோடு போட்டுக் கணக்கெழுதும் வேலை ஒருவருக்கு. இந்தக் காட்சிகளில் வீரம் என்று சொல்ல எதுவுமில்லை. அசையாமல் இருப்பது மட்டும்தான் செய்யக்கூடிய காரியம். ஓவியர் ஒருவர் ஒலியை இவ்வளவு நுட்பமாக எழுதியிருப்பது வியப்பளிக்கிறது.

இவ்வளவையும் மனதாரப் பாராட்டிய பிறகுதான் குறைகளுக்கு வர முடியும். குறைகள் சிறியவை அல்ல.

முதலில் காலம். நாவல் 1941 இலையுதிர்காலத்தில் நடக்கிறது. அதன் மனநிலை 1943-ஐச் சேர்ந்தது. 1941 மார்ச்சில் பிரீன், ஷெப்கே என்ற இரண்டு புகழ்பெற்ற கேப்டன்கள் இறந்தார்கள், இன்னொரு கேப்டனான கிரெட்ஷ்மர் சிறைப்பட்டார் என்பது உண்மை. அது ஒரு பெரிய அடி. ஆனால் நீர்மூழ்கிப் படையின் முதுகெலும்பு முறிந்தது 1943 மே மாதத்தில். அந்த ஒரே மாதத்தில் 41 நீர்மூழ்கிகள் மூழ்கின. அந்தத் தோல்வியின் சோர்வை, எல்லாம் முடிந்துவிட்டது என்ற உணர்வை, நாவலின் கேப்டன் இரண்டு ஆண்டு முன்கூட்டியே சுமக்கிறார். 1973-ல் உட்கார்ந்து எழுதுபவருக்கு முடிவு தெரியும். அந்த அறிவைத் தன் பாத்திரங்களுக்குக் கடன் கொடுக்கும்போது அவர்கள் உண்மையில் இருந்ததைவிடத் தெளிந்தவர்களாக, போரில் நம்பிக்கை இழந்தவர்களாகத் தெரிகிறார்கள். ஜிப்ரால்டர் பகுதியில் மட்டும் இந்தக் குறை தெரிவதில்லை. மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்த 62 ஜெர்மன் நீர்மூழ்கிகளில் ஒன்றுகூட அட்லாண்டிக்குக்குத் திரும்பவில்லை என்பதால் அங்கே கவியும் மரண பயம் எந்த ஆண்டுக்கும் பொருந்துகிறது.

இரண்டாவது, அரசியல். ஏறக்குறைய எல்லோரும் நாஜிப் பேச்சை ஏளனம் செய்கிறார்கள். கேப்டன் பெர்லின் பெருந்தலைகளைப் பற்றிக் கசப்போடு பேசுகிறார். கட்சி விசுவாசம் முழுவதும் முதல் அதிகாரி ஒருவரின் தோளில் ஏற்றப்பட்டு, அவர் மற்றவர்களின் வெறுப்புக்கும் ஆளாகிறார். ஐம்பது இளைஞர்கள், பெரும்பாலோர் ஹிட்லரின் ஆட்சியில் பள்ளிக்கூடம் போனவர்கள். அவர்களில் ஒருவர்தான் நாஜியாக இருந்தார் என்பதை நான் நம்பவில்லை. போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனிக்கு இந்தச் சித்திரம் ஆறுதலாக இருந்திருக்கும். நல்ல ராணுவ வீரர்கள், கெட்ட தலைமை என்ற பழைய பிரிவினைதான் இதுவும்.

மூன்றாவதைத்தான் நான் மிகவும் கனமானதாகக் கருதுகிறேன். புக்ஹைம் இந்தப் பயணத்தை இரண்டு முறை எழுதியவர். நீர்மூழ்கிப் போரைக் கொண்டாடும் அவரது படநூல் ‘யேகர் இம் வெல்ட்மேர்’ 1943-லேயே வந்துவிட்டது. உலகக் கடலின் வேட்டைக்காரர்கள் என்பது தலைப்பின் பொருள். கடலில் அவர் எடுத்த ஆயிரக்கணக்கான புகைப்படங்கள் எடுக்கப்பட்டதே பிரச்சாரத்துக்காகத்தான். நாவலின் கதைசொல்லியும் போர்ச் செய்தியாளர்தான். ஆனால் பெயரில்லாத விருந்தாளி. கருவிகளை இயக்குவதில்லை, டார்பிடோ ஏவுவதில்லை, பார்க்க மட்டும் செய்கிறார். அவர் எழுதும் குறிப்புகளும் எடுக்கும் படங்களும் கரைக்குப் போனபின் என்னவாகும், அவற்றைப் பார்த்து அடுத்த ஆண்டு எத்தனை பையன்கள் நீர்மூழ்கியில் சேருவார்கள் என்ற கேள்வியில் நாவல் நின்று நிதானிப்பதே இல்லை. மற்றவர்களின் பயத்தையும் கொப்புளத்தையும் வாந்தியையும் இவ்வளவு ஈவிரக்கமில்லாமல் பார்க்கும் கண், தன் கையில் இருக்கும் கேமராவைப் பார்க்கவில்லை. சேர்ந்து ஏறினாலும் பொறுப்பில் பங்கில்லாத ஒருவராக அவர் இருந்ததுதான் எல்லாவற்றையும் கவனிக்கும் சுதந்திரத்தை அவருக்குத் தந்தது. அதே நிலைதான் தன் பங்கை மறைக்கவும் உதவியது.

முன்னாள் நீர்மூழ்கி அதிகாரிகள் நாவலை எதிர்த்தார்கள். கார்ல்-பிரீட்ரிஷ் மெர்டன் என்ற புகழ்பெற்ற கேப்டன் இன்னொருவருடன் சேர்ந்து 1986-ல் இதற்கு ஒரு மறுப்பு நூலே வெளியிட்டார். குடி, கெட்ட வார்த்தை, பெண்களைப் பற்றிய கொச்சைப் பேச்சு ஆகியவை படையின் கௌரவத்தைக் குலைக்கின்றன என்ற கோபம் அந்த எதிர்ப்பில் பலமாகவே இருந்தது. என் பார்வையில் அவர்கள் தாக்கியது நாவலின் பலத்தை. கௌரவம் என்ற இஸ்திரி போட்ட சீருடையைக் கழற்றிப் போட்டதற்காக புக்ஹைமுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

முடிவைப் பற்றியும் பேசியாக வேண்டும். எல்லா ஆபத்தையும் தாண்டித் துறைமுகம் வந்து சேர்ந்தபின் விமானங்கள் வந்து தாக்குகின்றன. நீர்மூழ்கி மூழ்குகிறது, கேப்டன் சாய்கிறார். யு-96-க்கு அப்படி நடக்கவில்லை. அது 1945 மார்ச் 30 அன்று வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் அமெரிக்கக் குண்டுவீச்சில்தான் மூழ்கியது. லேமன்-வில்லன்பிராக் போருக்குப் பின் வணிகக் கப்பல்களில் கேப்டனாக வேலை பார்த்து, அணுசக்தியில் ஓடிய ‘ஓட்டோ ஹான்’ கப்பலையும் செலுத்தி, இந்த நாவலைப் படமாக்கியபோது ஆலோசகராகவும் இருந்து, 1986-ல் காலமானார். நீர்மூழ்கிகளில் சென்ற சுமார் 40,000 ஜெர்மானியரில் ஏறத்தாழ 30,000 பேர் திரும்பவில்லை. அவர்களுக்கெல்லாம் பொதுவான முடிவாக ஆசிரியர் இதை எழுதினார் என்று சமாதானம் சொல்லலாம். நாவல் என்ற அளவில் அந்த உரிமை அவருக்கு உண்டு. கற்பனை இல்லை என்று முன்பக்கத்தில் உறுதியளித்தவருக்கு அது உண்டா என்றால், இல்லை என்பேன். மேலும், வானத்திலிருந்து சாவு வந்து விழுந்ததும் வேட்டையாடியவர்கள் பலியானவர்களாக மாறிவிடுகிறார்கள். புத்தகத்தை மூடும்போது நம் கண்ணீர் முழுவதும் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

மறுபக்கத்தை நாவல் ஒரே ஒரு முறை அருகில் போய்ப் பார்க்கிறது. எரிந்துகொண்டிருக்கும் எண்ணெய்க் கப்பலை முடித்துவிட நீர்மூழ்கி திரும்பி வருகிறது. இந்நேரம் ஆட்களைக் காப்பாற்றிக் கொண்டுபோயிருப்பார்கள் என்று கேப்டன் நினைத்திருக்கிறார். கப்பலில் இன்னும் மனிதர்கள் இருக்கிறார்கள். நீரில் குதித்தவர்களை ஏற்றிக்கொள்ள இடமில்லை. நீர்மூழ்கி விலகிப் போகிறது. நாவலில் என்னை மிகவும் உலுக்கிய காட்சி இது. ஆனால் அந்த மனிதர்கள் தீயின் முன்னால் தெரியும் நிழல்களாகவே இருந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் எஞ்சின் அறைகளில் இந்திய மாலுமிகள் ஏராளமாக வேலை பார்த்தார்கள். போரில் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். டார்பிடோ துளைத்த கப்பலின் அடித்தட்டில் இருந்தவனுக்கும் ஒரு உடம்பு, ஒரு நாற்றம், ஒரு பயம் இருந்தது. அதை எழுத புக்ஹைமால் முடியாது, அவர் அங்கே இல்லை. நேரில் கண்டதை மட்டுமே எழுதுவேன் என்ற நேர்மைக்கு இது ஒரு விலை.

வோல்ஃப்காங் பீட்டர்சனின் 1981 திரைப்படத்தை புக்ஹைம் கடுமையாகச் சாடினார். தன் போர் எதிர்ப்பு நாவலை அது சாகசப் படமாக்கிவிட்டது என்பது அவர் வருத்தம். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு, பாதி அளவுக்கு. தப்பிக்க வேண்டும், எப்படியாவது மேலே வந்துவிட வேண்டும் என்று வாசகரைத் தவிக்கவிடும் வித்தையைப் படம் நாவலிடமிருந்துதான் கற்றுக்கொண்டது.

என் தீர்ப்பு: நீர்மூழ்கிக்குள் வாழ்ந்த வாழ்க்கைக்கு இதைவிட நம்பகமான நாவல் சாட்சியம் இல்லை. நீர்மூழ்கி நடத்திய போருக்கு இது போதுமான சாட்சியம் இல்லை. நிக்கோலஸ் மான்சரட்டின் ‘தி க்ரூயல் சீ’ (1951) நாவலைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் வித்தியாசம் புரியும். அவரும் அதே அட்லாண்டிக்கில் காவல் கப்பல்களில் பணியாற்றியவர். அவருடைய கேப்டன் எரிக்ஸன், நீரில் தத்தளிக்கும் தன் தரப்பு மாலுமிகளுக்கு அடியில் நீர்மூழ்கி இருப்பதாக நினைத்து அவர்கள் நடுவிலேயே ஆழ்வெடி போட உத்தரவிடுகிறார், அந்த உத்தரவின் சுமை அவரை விட்டு இறங்குவதில்லை. செய்தவன் தன் செயலோடு தனியாக நிற்கும் அப்படி ஒரு கணத்தை புக்ஹைம் தன் கதைசொல்லிக்குத் தரவில்லை.

‘தாஸ் போட்’டைத் தமிழுக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுருக்காதீர்கள், அலுப்பான அத்தியாயங்களில் கை வைக்காதீர்கள். முன்னுரையில் 1943-ல் வந்த அந்தப் படநூலைப் பற்றியும் சில பக்கங்கள் எழுதுங்கள்.