பங்கும் பேறும்

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் கிளேரோனோமியா என்றொரு பதம் வருகிறது. அதன் முற்பாதியாகிய கிளேரோஸ், சீட்டுப் போடுவதற்கான கல் அல்லது மரத்துண்டு. அச்சீட்டு விழுந்து ஒருவனுக்கு வந்து சேர்ந்த நிலத்துக்கும் அதுவே பெயர். பிற்பாதி, பகிர்ந்தளித்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. இஸ்ரவேல் கோத்திரத்தார் கானான் தேசத்தைச் சீட்டுப் போட்டுப் பங்கிட்டுக்கொண்ட வரலாற்றுக்கு வழங்கிய இப்பதத்தைப் பவுல் எடுத்து, அதிலிருந்த மண்ணை உதறிவிட்டு, தேவன் தம் பிள்ளைகளுக்கு அருளும் பாக்கியத்துக்குப் பெயராக்கினார்.

இதற்குச் சுதந்தரம் என்ற சொல்லைத் தமிழில் ஆளும் வழக்கம், ஹென்றி பவர் முதலியோர் திருத்தி 1871இல் வெளிவந்த வேதாகமத்தில் நிலைபெற்றது. இன்றைய வாசகருக்கு அதைக் கண்டதும் 1947ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தால் குற்றம் அவருடையதன்று. மொழிபெயர்த்தவர்களுடையதும் அன்று, விடுதலைக்குச் சுயாதீனம் என்ற சொல்லை அவர்கள் தனியே வைத்திருந்தார்கள். அக்காலத்தில் சுதந்தரம் களத்துமேட்டிலும் புழங்கிய சொல். கதிர் அடித்துத் தூற்றிப் பொலி குவித்தபின், வாரம் பிரிக்குமுன், தச்சனுக்கும் கொல்லனுக்கும் வண்ணானுக்கும் வெட்டியானுக்கும் பொதுக் குவியலிலிருந்து பரம்பரையாக அளந்து போடவேண்டிய நெல்லுக்கு அது பெயர். கூலியுமன்று, பிச்சையுமன்று, ஊர் ஒப்புக்கொண்ட பாத்தியதை என்ற அந்த அர்த்தச் செறிவு வேறெந்தச் சொல்லுக்கு எளிதில் வாய்க்கும்?

ஆயினும் குறை அங்கேயே இருக்கிறது. களத்துச் சுதந்தரம் ஊழியம் செய்யும் குடிக்கு உரியது. அவ்வூழியமோ சாதியோடு பிறப்பது. இனி நீ அடிமையல்ல, புத்திரன், ஆகையால் சுதந்தரவாளி என்று கலாத்தியருக்குப் பவுல் வாதாடும் இடத்தில், பிள்ளைக்குரிய பிதுரார்ஜிதத்துக்கு ஊழியக்காரனுடைய மரக்கால் நெல்லின் பெயரைச் சூட்டினால், வாதத்தின் முனை சற்றே மழுங்குகிறது.

வேறொரு சங்கடத்தைத் தமிழ்க் குடும்ப வழக்கமே தீர்த்துவைத்தது. மரண சாசனம் எழுதியவன் இறந்தால்தான் செல்லும் என்கிறது எபிரெயர் நிருபம். பிதாவாகிய தேவனோ இறவாதவர். அவர் சொத்து பிள்ளைக்கு வருவது எவ்விதம்? தகப்பன் இறக்கும்வரை மகன் காத்திருக்கவேண்டும் என்பது வங்காளத்துத் தாயபாகம். நம் பக்கத்து மிதாக்ஷரத்திலோ, தகப்பன் உயிரோடிருக்கையிலேயே மகன் பிறந்த கணத்தில் பங்காளியாகிவிடுகிறான். இறவாத் தந்தையின் ஆஸ்தியில் பங்கு என்பது அவ்வழக்கில் ஊறியவனுக்கு விநோதமாகத் தோன்றியிராது. மகளுக்கோ அந்தப் பங்கு இருக்கவில்லை. அதை அவளுக்குக் கொடுக்கத் தமிழ்நாட்டுச் சட்டம் 1989 வரை காத்திருந்தது. சொல்லைக் கடன் வாங்கினால் அதன் அநியாயமும் கூடவே வரும்.

பெறுகிற பொருள் எது என்ற கேள்விக்கு ஆவுடையார்கோவில் நல்ல உரைகல். திருப்பெருந்துறை எனப் பாடல்பெற்ற இவ்வூரில், பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளைத் திருப்பணியில் செலவிட்ட அமைச்சர், குருந்தமரத்தடியில் உபதேசம் பெற்று மாணிக்கவாசகரானார் என்பது ஐதீகம். கருவறையில் ஆவுடை மாத்திரம் உண்டு, லிங்கம் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கல்மேடையில் கொட்ட, மேலெழும் ஆவியே நிவேதனமாகிறது. லேவியருக்கு நிலப்பங்கு இல்லை, தேவனே அவர்கள் பங்கு என்கிறது உபாகமம். பதவியைத் துறந்து இறைவனையே பெற்ற அமைச்சரின் கதையும் அதற்கு வெகுதூரமில்லை. ஆனால் அவர் தம்மை அடிமை என்றே சொல்லிக்கொண்டார். திருவாசகத்துக் கோயில் திருப்பதிகத்தில் அவர் பேசுவது வாரிசுரிமையன்று, பண்டமாற்று. அந்தப் பேரத்தில் கெட்டிக்காரர் யார் என்று இறைவனையே கேட்கவும் செய்கிறார்.

1995இன் வேதாகமப் பொது மொழிபெயர்ப்பு கிளேரோனோமியாவை உரிமைப்பேறு என்றது. உரிமை வழக்காடும், பேறு கைகூப்பும். எதிரெதிரான இவ்விரண்டையும் பிணைத்தது என் மதிப்பில் பழைய சொல்லைவிடக் கிரேக்கத்துக்கு நெருக்கம். களத்து நெல்லின் வாடை மட்டும் போய்விட்டது. உடன்சுதந்தரர் என்பதைப் பங்காளி என்றே வைத்திருந்தால் அது திரும்பியிருக்கும். ஆனால் பங்காளி என்றதும் முன்சீப் கோர்ட்டு ஞாபகம் வரும் நாட்டில் எந்த மொழிபெயர்ப்பாளர் அதற்குத் துணிவார்?