முங் என்னும் கூற்றுவனும் அவன் குருமாரும்

உடலினின்றும் உயிரைக் கூறுபடுத்துவோன் என்னும் பொருளிற் சாவின் தெய்வத்தைக் கூற்றுவன் என்றனர் தமிழர். ஏனைய நாட்டாரும் தத்தம் மரபுக்கு ஏற்ப அத் தெய்வத்துக்குப் பெயரும் உருவும் கற்பித்தனர். மக்களால் மெய்யாகவே வழிபடப்பெற்ற அத்தகைய தெய்வங்களைப் பற்றிய ஆராய்ச்சிகள் மிகப் பல. எவராலும் ஒருநாளும் வழிபடப்பெறாத, ஓர் ஆசிரியரின் கற்பனையில் மட்டுமே கோயில் கொண்ட மரணதேவன் ஒருவனையும், அவன் பெயராற் பிழைக்கும் குருமாரையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொய்த் தெய்வத்தைப் பற்றிய ஆராய்ச்சியால் யாது பயன் என வினவுவார் உளராயின், மெய்யான குருமாரிடத்து நாம் கூசிக் கேளாது விடும் வினாக்களைப் பொய்த் தெய்வத்தின் குருமாரிடத்து அச்சமின்றிக் கேட்கலாம் என்பதே விடையாகும்.

அத் தேவனின் பெயர் முங். அவனைப் படைத்தவர் டன்சேனி பிரபு என வழங்கும் எட்வேட் பிளங்கெட் (1878 - 1957). அயர்லாந்தின் மீத் மாவட்டத்து டன்சேனி மாளிகைக்கு உரிய பழங்குடியிற் பதினெட்டாவது பிரபுவாக விளங்கியவர் இவர். "பெகானாவின் தேவர்கள்" என்னும் இவரது முதல் நூல் 1905ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் எல்கின் மத்தியூஸ் பதிப்பகத்தாரால், சிட்னி சைம் வரைந்த சித்திரங்களுடன் வெளியிடப்பெற்றது. பெயரறியாத இளைஞர் ஒருவரின் விசித்திரமான நூலாதலின் அச்சிடும் செலவை ஆசிரியரே ஏற்க வேண்டியதாயிற்று. எனினும் அதன் செல்வாக்குப் பெரிது. 1919இல் டன்சேனியின் எழுத்துக்களை அறிந்த அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராப்ற் அவர் வழியிற் பல கதைகள் எழுதினார். இன்று கற்பனையுலகக் கதைகளிலும் விளையாட்டுக்களிலும் மரணதேவருக்குக் கோயிலும் குருகுலமும் வகுப்பது பெருவழக்காகிவிட்டது. அவ்வழக்கின் ஊற்றுக்களுள் ஒன்றாக இச் சிறு நூலைக் கொள்ளலாம்.

இது தொடர்கதையன்று, சிறு சிறு அத்தியாயங்களால் அமைந்த, புனைந்துரைத்த வேதநூல் எனலாம். மானா-யூட்-சுஷாய் என்பான் அதன் முதல்வன். அவன் சிறு தேவர்களைப் படைத்தபின் உறக்கத்தில் ஆழ்ந்தான். ஸ்கார்ல் என்பான் இடையறாது முரசு கொட்டி அவ்வுறக்கத்தைக் காக்கின்றான். முரசொலி ஓயுமாயின் முதல்வன் விழிப்பான். அவன் விழித்தால் உலகங்களும் இல்லை, தேவர்களும் இல்லை. உறங்கும் அம் முதல்வனை எவரும் வழிபடலாகாது. சிறு தேவர்களையே வழிபடலாம். அவர்களுட் கிப் உயிரைத் தருவோன். சிஷ் நாழிகைகளை அழிப்போன். முங் இறப்புக்கள் அனைத்துக்கும் அதிபதி. முங் கொடியவன் அல்லன்; நீதிபதியும் அல்லன். தன் கையால் ஒரு குறி காட்டுகின்றான், உயிர் கட்டவிழ்கின்றது. அவ்வளவே அவன் தொழில். வறியவனின் குடிசையினுள்ளும் அவன் புகுவான்; வேந்தன் முன்னும் வணங்கி நிற்பான்; இரு சாராரும் பெறுவது அக் குறி ஒன்றையே.

முங் மனிதனோடு உரையாடும் இடங்கள் சிலவே. அவற்றுட் சிறந்தது, வழியில் எதிர்ப்பட்டு அஞ்சி நடுங்கிய ஒருவனோடு அவன் பேசுவதாகும். நீ பிறப்பதற்கு முன் கழிந்த நான்கு கோடி ஆண்டுகள் உனக்குத் துன்பமாயிருந்தனவா என முங் வினவுகின்றான். இனி வரும் நான்கு கோடி ஆண்டுகளும் அவ்வாறே கழியும் எனத் தேற்றுகின்றான். பின்பு குறி காட்டுகின்றான். உரோமப் புலவர் லுக்ரீசியஸ் தம் தத்துவ காவியத்தின் மூன்றாம் பகுதியில் எடுத்தோதும் நியாயமே இது. நூல் முழுவதிலும் சாவைக் குறித்து மனிதனுக்குக் கூறப்படும் ஆறுதல்களுள் இதனினும் நேரியது வேறில்லை. அதனைக் கூறுபவன் குருவல்லன், சாவே கூறுகின்றது. இடையில் எவரும் இல்லை, காணிக்கையும் இல்லை. இவ்வமைப்புத் தற்செயலானதன்று என்பதே எமது கருத்து.

இதற்கு எதிர்முகமாக நிற்பது குருமாரின் பாட்டாக அமைந்த அத்தியாயம். அப்பாட்டின் தருக்கத்தைச் சற்றே பிரித்து நோக்குதல் தகும். முங்கின் குருமார் நாள் முழுதும் முங்கை நோக்கிக் கதறுகின்றனர், முங் செவிசாய்ப்பதில்லை. குருமாரின் குரலுக்கே செவிசாயாதவன் பொதுமக்களின் வேண்டுதலுக்கு எங்ஙனம் இரங்குவான்? ஆதலால் மக்களே, காணிக்கைகளைக் குருமாரிடம் கொணருங்கள். அவர்கள் முன்னிலும் உரத்துக் கதறுவர். ஒருவேளை முங் கேட்பினும் கேட்பான். தம் தோல்வியை மறையாது ஒப்புக்கொண்டு, அத்தோல்வியையே கூடுதற் காணிக்கைக்குக் காரணமாக்கும் திறம் வியக்கத்தக்கது. "ஒருவேளை" என்னும் சொல்லே இக் குருமாரின் மூலதனம். முங் கேட்டால் அது குருமாரின் வெற்றி. கேளாவிடிற் காணிக்கை போதவில்லை. எவ்வாற்றானும் பொய்ப்பிக்க இயலாத வாக்குறுதி இது. டன்சேனி இதனைக் கண்டித்து ஒரு சொல்லும் உரைக்கவில்லை. பாட்டைப் பாடவிட்டு ஒதுங்கிக் கொள்கின்றார். நூலின் நகை மிக்க பகுதி இதுவேயாயினும் நகைத்து முடித்தபின் நெஞ்சில் எஞ்சுவது நகையன்று.

குருமாரை அடுத்துத் தீர்க்கதரிசிகள் ஒருவர் பின் ஒருவராக வருகின்றனர். யாவும் அறிவேன் என்ற யுக், மலைகளுக்கு அப்பால் முங் குறி காட்டக் கண்டு இல்லாதொழிந்தான். முங்குடன் பேசியவன் ஆதலின் யாவும் அறிந்தவன் என்று தன்னைப் பற்றித் தானே நூலில் எழுதினான் அல்ஹிரெத்-ஹோட்டெப். எழுதியபொழுதே முங் அவன் பின்னிருந்து வெளிப்பட்டான். இவர்களை ஆசிரியர் சில வரிகளிற் கூறி முடிக்கின்றார். அடுத்து வரும் கபொக் என்பானிடத்தே கதை விரிவடைகின்றது.

கபொக் சாவை விற்கும் வணிகன். தன் ஆலோசனைப்படியே முங் குறி காட்டுகின்றான் என அவன் சாற்றுகின்றான். தனக்குக் குற்றமிழைத்தவனுக்குச் சாவு வரும் என்கின்றான். காணிக்கை தந்தவனுக்கு வாராது என்கின்றான். ஓர் இரவு அவன் வீட்டுத் தோட்டத்தில் முங்கின் காலடியோசை கேட்கின்றது. தன்னைக் கலவாமலே முங் வந்துவிட்டான் என்பதே கபொக்கின் முதற் கலக்கம்! விடிந்ததும், கால்நடைகள் தோட்டத்திற் புகுந்தோடின போலும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு தொழிலுக்குச் செல்கின்றான். இரண்டாம் இரவு முங் சாளரத்தின் முன் நிழல்போல் நிற்கின்றான். கபொக் அவனை இனங்கண்டு அலறுகின்றான். முங் தலையைச் சற்றே அசைத்து மீண்டும் உலாவத் தொடங்குகின்றான். மூன்றாம் இரவு, காலடியோசை வாயிலை நெருங்க, கபொக் வேட்டையாடப்பட்ட விலங்குபோல் வெளியே ஓடிவந்து முங்கின் முன் வீழ்கின்றான். முங்கின் முதுகுப்புறம் இருப்பதை எவரும் கண்டிலர் என்று ஆசிரியர் ஓரிடத்திற் குறிப்பிடுகின்றார். யாவும் அறிந்தவனாக வாழ்ந்த கபொக்கை வாட்டியது அறியாத அந்த ஒன்றே.

இம் மூன்று இரவுகள் கடோபநிடதத்தை நினைவூட்டாமற் போகா. இயமன் இல்லத்தில் உணவின்றி மூன்று இரவுகள் காத்திருந்தான் நசிகேதன். டன்சேனி அதனை மனத்துட்கொண்டு எழுதினார் என யாம் கூறவில்லை. ஒப்புநோக்கு இரண்டையும் விளக்கும் என்பதே கருத்து. அங்கே மனிதன் சாவின் வாயிலிற் காத்திருக்கின்றான். இங்கே சாவு மனிதனின் வாயிலில் உலாவுகின்றது. நசிகேதன் அறியாமையை ஒப்பி வினாவோடு சென்றான். கபொக் வினாவே இல்லாத விடைகளோடு வாழ்ந்தான். தந்தை பயனற்ற பசுக்களைத் தானமளிக்கக் கண்டு கலங்கிய மைந்தன் நசிகேதன்; இயமனே செல்வங்களை அளிக்க முன்வந்தபோதும் அவற்றை வேண்டாவென மறுத்தான். கபொக்கோ கொணர்ந்த காணிக்கை அனைத்தையும் உண்டு கொழுத்தான். எனவே சாவினிடம் கற்பவனுக்கும் சாவின் பெயராற் கற்பிப்பவனுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் உரைகல் காணிக்கையே என்பது இரு நூல்களாலும் பெறப்படும். ஆயின் ஒரு பெரும் வேறுபாடும் உண்டு. இயமன் ஆசிரியனாகின்றான், முங் ஒருபோதும் ஆசிரியனாவதில்லை. பெகானாவிற் கற்க முயல்வோனும் இல்லை.

அஞ்சும் தீர்க்கதரிசிகளைக் கண்டு சலித்த மக்கள், அஞ்சாதவன் ஒருவனைத் தேடி ஆடு மேய்த்த யுன்-இலாராவைக் கொணர்கின்றனர். அவன் கடலை நோக்கி ஒரு கோபுரம் எழுப்பி, அந்திதோறும் அதன் உச்சியில் நின்று முங்கைச் சபிக்கின்றான். மக்கள் வியந்து அவனுக்கும் காணிக்கை கொணர்கின்றனர். இரவானதும் தத்தம் இல்லங்களில் முன்போலவே முங்கை வணங்குகின்றனர். எதிர்ப்பும் ஒரு குருத்துவமாய் மாறிவிடும் என்பதை இதனினும் சுருங்கக் கூறல் அரிது. முங் அவனைத் தண்டிக்கவில்லை. அவனை அணுகாது விடுகின்றான். ஆண்டுகள் உருள்கின்றன, உடல் தளர்கின்றது, சபித்த வாய் ஈற்றில் முங்கின் இரக்கத்தை இறைஞ்சுகின்றது. யுன்-இலாராவுக்கு நேர்ந்த பேரிடர் என ஆசிரியர் தலைப்பிட்டது சாவையன்று, சாவாமையை என்பது உணரத்தக்கது.

இத்துணைச் சிறப்புடைய நூலில் ஒரு குறை உண்டு. பெகானாவில் எவரும் புலம்புவதில்லை. மகவை இழந்த தாயும், துணையை இழந்த முதியோனும் இந் நூலிற் காணப்படார். மக்கள் என்போர் முகமற்ற ஒரு கூட்டமாகவே வந்து செல்கின்றனர். ஆதலின் காணிக்கை கொணர்வோன் அச்சத்தால் மட்டுமே கொணர்கின்றான் என்று ஆசிரியர் எளிதில் முடிவுகட்டிவிடுகின்றார். மெய்வாழ்வில் அஃது அங்ஙனமன்று. சாவு நிகழ்ந்த வீட்டார் குருவை அழைப்பது முங்கைத் தடுக்கவன்று. முங் வந்து போய்விட்டான். அடுத்து யாது செய்வது என்றறியாத கைகளுக்கு ஒரு செயலும், பேச இயலாத நாவுக்கு ஒரு சொல்லும் வேண்டியே அழைக்கின்றனர். அச்சத்தை விற்கும் குருவையும் துயரிற் பங்குகொள்ளும் குருவையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. டன்சேனி முதலாமவனை மட்டுமே கண்டார், அல்லது காட்டினார்.

நடையைப் பற்றி ஒரு சொல். ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில விவிலியத்தின் நடையைத் தழுவி, குறுகிய வாக்கியங்களை "உம்" என்னும் இணைப்பாற் கோத்துச் செல்லும் நடை இது. திருமறையின் குரலிலேயே குருமாரின் பொய்மை கூறப்படுவதால் அங்கதம் கூர்மையடைகின்றது. தோட்டம், வீடு, இரவு என்னும் சொற்கள் கபொக்கின் கதையில் மீண்டும் மீண்டும் வருவது முங்கின் காலடியோசையையே காதில் ஒலிக்கச் செய்கின்றது. பிற சில அத்தியாயங்களில் இவ்வடுக்கு வெறும் அலங்காரமாய் நின்றுவிடுவதும் உண்மையே.

இந் நூலைக் கனவுச் சித்திரம் என்று மட்டும் கொள்வார் உளர். அவர் கூற்று முழுமையுடையதன்று. சாவைப் பற்றி அறியாததை அறிந்ததாகக் கூறுவோனும், அவன் கூற்றை விலை கொடுத்து வாங்குவோனும் எக்காலத்தும் எந்நாட்டிலும் உள்ளனர். முங்கின் முதுகுப்புறத்தை யானும் கண்டிலேன் என்று கூறி, காணிக்கை பெறாது துயருற்றார் அருகிருக்கும் குரு ஒருவனுக்கு டன்சேனி தம் பெகானாவில் இடம் வகுக்கவில்லை. ஆயினும் கபொக்கின் கதையைப் படித்து முடித்தோர்க்கு அவ்விடம் வெறுமையாய் இருப்பது புலனாகும். ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் ஒரு மாலைப்பொழுதில் முழுவதும் படித்துவிடத்தக்க இச் சிறு நூலைத் தேடிப் படிப்பாராக.